இன்னொரு முறை பாருங்க

"கவர்னர் எண்டா என்ன? ஒரு ரப்பர் ஸ்டாம்ப். யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அதுதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரிலை, பன்னிரண்டு வருசம் கிளார்க்கா இருந்தனான். மேலையிருந்து கடதாசி வரும், பெரியவர் கையெழுத்துப் போடுவார். வேறை ஒண்டையும் நான் காணேல்லை."

குலசிங்கம் சொல்லி முடித்ததும் மண்டபம் சிரித்துக் கைதட்டியது.

1986ஆம் ஆண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழர்கள் கூடி நடத்திய பட்டிமன்றம். 'ஆளுநர் பதவி தேவையா?' என்பது தலைப்பு. தேவையில்லை என்று பேச ஐந்து பேர். தேவை என்று பேசப் பெயர் கொடுத்தவள் ரோஸ்மேரி மட்டுமே. மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்த நர்ஸ்; இரண்டு வருடமாக எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள், மேடையேறியதில்லை.

"மத்த மாநிலங்கள் மாதிரி எங்க பினாங்குல சுல்தான் கிடையாது" என்று மெதுவாகத் தொடங்கினாள். "வெள்ளைக்காரன் காலத்துல அவன் அனுப்பின அதிகாரி இருந்தாரு. சுதந்திரத்துக்கு அப்புறம் நாட்டோட மாமன்னர் ஒரு கவர்னரை நியமிக்கிறாரு. அங்கிள் சொன்ன மாதிரி அதிகாரம் கம்மிதான். சட்டமன்றத்தைத் திறந்து வைப்பாரு, விருந்து கொடுப்பாரு. ஆனா தூக்குத் தண்டனைன்னா கருணை மனு அவர்கிட்டதான் போகும்."

"போகட்டும் பிள்ளை. அதுவும் ஒரு குழு சொல்லுறபடிதானே?" என்று குலசிங்கம் இடைமறித்தார்.

"ஆமா அங்கிள். ஒரு கேஸ் சொல்றேன். ரப்பர் தோட்டத்துல ரெண்டு பேருக்குச் சண்டை. ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தருக்குத் தூக்கு. கவர்னருக்கு ஒரு அம்மா மனு போட்டாங்க. கைநாட்டு வைக்கிற அம்மா. வக்கீல்தான் எழுதிக் கொடுத்தாரு. 'ஒரு சாவு போதும் ஐயா, அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு'ன்னு ரெண்டே வரி."

ரோஸ்மேரி மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"குழு கருணை காட்ட வேணாம்னு சொல்லிருச்சு. கவர்னர் உடனே கையெழுத்துப் போடல. 'அந்த அம்மா எழுதினதை இன்னொரு முறை பாருங்க'ன்னாரு. அவரால முடிஞ்சது அவ்வளவுதான். மறுபடி கூடினப்போ தூக்கு, ஆயுள் தண்டனையா மாறிச்சு. அப்படிக் கேட்கிறதுக்கு ஒருத்தர் வேணும், அங்கிள். அதுக்குத்தான் கவர்னர்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் இருந்தது. ஆனாலும், ஒரு கேஸை வைத்து ஒரு பதவியை நியாயப்படுத்த முடியாது என்று நடுவர் குலசிங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

தேநீர் நேரத்தில் குலசிங்கம் அவளைத் தேடி வந்தார். வென்றவர் முகத்தில் வென்ற களை இல்லை.

"வடிவாக் கதைச்சனீர், பிள்ளை. உண்மையிலை நீர்தான் வெண்டிருக்கோணும்."

"பரவாயில்லை அங்கிள். ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன், மனசு நிறைஞ்சிருக்கு."

"அந்த மனுசன் பிறகு வெளியாலை வந்தவரே?"

"வந்து எட்டு வருசமாச்சு. மூத்த மகளுக்குக் கல்யாணமும் பண்ணிட்டாரு. சொந்தமா ஒரு மோட்டார் சைக்கிள் வச்சிருக்காரு. ஞாயிற்றுக்கிழமையானா அந்த அம்மாவைப் பின்னால உட்கார வச்சு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவாரு. முழங்கால் வலி, அவங்களால நடக்க முடியாது."

"ஓம், ஓம். உயிரைக் காப்பாத்தின தாயல்லோ. பெத்த மகன் அதைக்கூடச் செய்யாட்டி எப்பிடி?"

ரோஸ்மேரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"அவங்க அவரைப் பெத்தவங்க இல்லை, அங்கிள், என்னைப் பெத்தவங்க. அன்னைக்கு அவர் கையால செத்தது எங்கப்பா."