கண்ணில் படாத நாரை

"அப்பா, ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்க. மேலேதான் நிக்குது!"

"யாரு நிக்கறது?"

"நாரைப்பா! செங்கால் நாரை! கம்பத்து மேல கூடு கட்டிக் குடும்பமே நடத்துது!"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் வெல்கோ, தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே. தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது.

மகள் ரலித்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, அவள்தான் அப்பா, அம்மா கையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டினாள். வசந்தத்தின் முதல் நாரையைப் பார்த்ததும் அதை அவிழ்த்துப் பழமரக் கிளையில் கட்டிவிட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா பனியில் சறுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "இனிமே இங்க தனியா இருக்க வேண்டாம், என்னோட ப்ளோவ்டிவ் நகரத்துக்கு வந்துடுங்க" என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள் மகள். "இந்த நூலை அவிழ்க்கற அன்னைக்கே கிளம்பிடறோம்" என்று இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தார்கள்.

இப்போது ஜூன் முடியப் போகிறது. நூலில் எது சிவப்பு, எது வெள்ளை என்றே தெரியவில்லை. அவிழ்த்தபாடில்லை!

கிழவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமா? தெருவில் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். காலணியைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாதிரியார் புது ஷூ வாங்கிய அன்று மட்டும் அவரை யாரோ என்று தாண்டிப் போய்விட்டார். அம்மா யோர்தானா அவருக்கு ஒரு படி மேல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். துணி உலர்த்தப் போனால்கூடக் கையில் ஒரு குடை.

முன்பெல்லாம் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் தலைகாட்டுகிறவள் ரலித்சா. இந்த வசந்தத்தில், இவர்களோடு மல்லுக்கட்டுவதற்காகவே ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அங்க உங்களுக்கு என்னப்பா குறை? கிழக்குப் பாத்த ரூம். புதுக் கட்டில். நாங்க காலைல கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவோம். வீடு முழுக்க உங்களுக்குத்தான். ஒரு தொந்தரவு இருக்காது!"

"பேஷா இருக்குமே! நாரை மட்டும் கண்ணுல படட்டும்" என்றார் அப்பா.

முற்றத்து லிண்டன் மரம் பூத்துச் சொரிந்துகொண்டிருந்தது. காற்றெல்லாம் தேன் வாசனை. சண்டை போட்டே களைத்துப்போனாள் ரலித்சா. அம்மா பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனித்சா ரொட்டி வேறு வயிற்றில் சுகமாகக் கனத்தது. மர நிழலில், அம்மா மடியிலேயே தலை சாய்த்தாள். அம்மாவின் விரல்கள் தலைமுடிக்குள் மெல்ல நடந்தன. தேனீக்களின் முனகல் கிட்டே வந்தது, தூரப் போனது. எத்தனை வருஷமாயிற்று இப்படிப் படுத்து!

'டக டக டக' என்று உயரத்தில் அலகு தட்டும் சத்தம்.

"என்னம்மா சத்தம்?" என்றாள் பாதித் தூக்கத்தில்.

"பக்கத்து வீட்டு ராத்கா வால்நட் உடைக்கறா."

"ஜூன் மாசத்துலயா?"

"போன வருஷத்து வால்நட்டுடி. நீ தூங்கு."

கனவில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தாள். ஆகாயம் முழுக்கச் சிவப்பு, வெள்ளை நூல்கள் மிதந்தன. கண் விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

அப்பா முற்றத்து மேஜை முன் உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜை விரிப்பின் மேல் ஓர் அகலமான இறக்கை நிழல் நீந்திப் போனது. சட்டென்று கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். மூக்கு நுனியெல்லாம் தயிர்.

ரலித்சாவுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், பிறந்த வீடு. இந்த மண்ணை விட்டு வர எப்படி மனசு வரும்? கட்டாயப்படுத்த நான் யார்?

"சரிப்பா. நான் தோத்துட்டேன்" என்றாள். "நீங்க எங்கயும் வர வேண்டாம். இங்கேயே நிம்மதியா இருங்க. வீட்டு வேலைக்கு ஒரு ஆள் ஏற்பாடு பண்றேன். வாரா வாரம் வந்து உங்க உயிரை வாங்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பாக்கலாம்."

அப்பா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அம்மா புருஷனைப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

"கேட்டியா மனுஷா! போன வாரமே நாரையை அரைக் கண்ணால பாத்த மாதிரி ஒரு ஆசை காட்டி வைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! இப்ப வரமாட்டேங்கறாளே!"

"என்னம்மா சொல்றே?"

"அங்க வந்தா நீ விடியக் கிளம்பி இருட்டித்தானேடி வருவே? இங்கேயே அடம் பிடிச்சாத்தானே ஒரு முழு நாள் நீ எங்களுக்குக் கிடைக்கறே!"

வெல்கோ மூன்று மாதத்துக்குப் பிறகு தொப்பியைக் கழற்றினார். நேராகக் கம்பத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு மட்டும் வந்துடும்மா" என்றார். "கடைக்குட்டிக் குஞ்சு அன்னைக்குத்தான் முதல்முதலாப் பறக்கும் போலிருக்கு."

ரலித்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தொப்பியை வாங்கித் தன் தலையில் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"குஞ்சா? எந்தக் குஞ்சுப்பா?" என்றாள், தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் தெரியலையே! வாரா வாரம் வந்து தேடிப் பாக்கறேன்."