விழிக்கும் தேதி

“அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்குது. அதைப் போய் எதுக்கும்மா நோண்டிக்கிட்டு?”

காலையிலிருந்து சிஸ்டம்காரர் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே இருந்த பெண் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒயர் சொருகிக்கொண்டிருந்தாள். வைரஸ் நிபுணர் வருகிறார் என்று மேனேஜர் சொன்னபோது நரைத்த தலையோடு யாரோ வருவார் என்று நினைத்திருந்தார். வந்து நின்றது அவர் மகள் வயதுப் பெண்.

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. அங்கே ஊர் பேர் தெரியாத ஒரு கோப்பு கிடப்பதாக யாரோ மேனேஜர் காதில் போட, மனுஷர் வெளியாளைக் கூட்டிவந்துவிட்டார்.

இந்த மாதக் கடைசியோடு சிஸ்டம்காரருக்கு இங்கே வேலை இல்லை. பொறுப்பை ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பதினான்காம் தேதி விமானமேறி மகளிடம் போய்விடப்போகிறார். இத்தனை வருடம் மாடாய் உழைத்துவிட்டு, போகிற நேரத்தில் பழியோடு போகவேண்டிவருமோ என்று அவருக்கு ஒரே கவலை.

“வைரஸா இருந்தா இந்நேரம் ஆட்டம் போட்டிருக்காதா?” என்றார்.

“எல்லாமே அப்படி இல்ல சார். சிலது வந்ததும் நல்ல பிள்ளையா தூங்கிடும். சோதனை பண்றவங்க பார்த்துட்டு, ஒண்ணும் இல்லன்னு கிளம்பினப்புறம், குறிச்ச தேதிக்கு எழுந்து எல்லாத்தையும் அழிச்சுடும். கூடச் சொருகியிருக்கிறதையும் விடாது.”

“அது எழுந்திருக்கிற வரைக்கும் நாம தொட்டில் ஆட்டணுமா?” என்று கேட்டார், காபிக் கோப்பையோடு நின்ற மேனேஜர்.

“வேண்டாம் சார். இது தனிக் கம்ப்யூட்டர், வேற எதோடயும் சேராது. இதுல தேதியைத் தள்ளித் தள்ளி வெச்சு அதை ஏமாத்துவோம்.”

அவள் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். “துடைச்சு விட்ட மாதிரி காலியா இருக்கு. மனுஷங்க புழங்காத இடம்னு மோப்பம் பிடிச்சுடும். நாலு போட்டோவாவது இருக்கணும். உங்க சாவிக்கொத்துல தொங்குறது பென்டிரைவ்தானே சார்?”

அவர் கை தானாகச் சாவிக்கொத்தை மூடியது. “இதுல என் வீட்டுக்காரி படம் இருக்கும்மா. போன வருஷம் தவறிட்டா.”

“வேற எங்கேயாவது ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே?”

இல்லை. காப்பி எடுத்து வை, காப்பி எடுத்து வை என்று மருத்துவமனையையே நச்சரித்தவர், தன் விஷயத்தில் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டார். “அப்ப ஒரு காப்பி எடுத்துக்கிட்டு வந்து...” என்று இழுத்தார்.

“எதுக்குய்யா? வெத்துக் கோப்புன்னு காலையிலேருந்து சத்தியம் பண்றது நீங்கதானே? குடுங்க,” என்றார் மேனேஜர்.

அதற்கு மேல் என்ன சொல்ல? கொடுத்தார். ஒரு படம் திரையில் விரிந்தது. நனைந்த குடையோடு நின்றுகொண்டு, படமெடுக்கிறவரை ஏதோ திட்டிக்கொண்டே சிரிக்கிறாள் அவர் மனைவி.

“நீங்க மவுஸை ஆட்டிக்கிட்டே இருங்க சார். யாரோ வேலை பார்க்கிற மாதிரி இருக்கட்டும்.”

அவள் ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள். மாதக் கடைசி வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை.

“பார்த்தீங்களா? நான்தான் சொன்னேனே! போதும்மா, எடுத்துக்கட்டுமா?”

“இன்னும் கொஞ்சம் சார்.”

புது மாதம் பிறந்தது. ஐந்து. எட்டு. பத்து. குடையோடு மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள். மவுஸ் அவர் வியர்வையில் நனைந்து வழுக்கியது.

“எனக்கு மாத்திரை நேரம்மா. நாளைக்குப் பார்த்துக்கலாமே?”

“முடிஞ்சுது சார். பன்னிரண்டு... பதிமூணு... பதினாலு. அடுத்து, பதினஞ்சு.”

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பென்டிரைவ் அவர் கைக்குள் இருந்தது. திரையில் குடையும் இல்லை, மனைவியும் இல்லை.

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஏன் சார் பிடுங்கினீங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அவ படம்மா... ஒண்ணே ஒண்ணு... போயிடுமோன்னு ஒரு பயம்...”

“இத்தனை தேதி தாண்டும்போதும் அதே படம்தானே உள்ள இருந்துச்சு? அப்பெல்லாம் பிடுங்கலையே?”

அவர் குனிந்து நாற்காலியை நிமிர்த்தினார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடிகாரத்தில் பதினான்காம் தேதிதான் இருந்தது.

“பதினஞ்சுன்னு வாயாலதான் சொன்னேன். அதுல குறிச்சிருந்த தேதியை முன்னாடியே படிச்சுட்டேன். பயப்படாதீங்க சார், அந்தக் கோப்பை இந்தக் கம்ப்யூட்டர்ல நான் போடவே இல்ல. அது என்னைக்கு எழுந்திருக்கும்னு தெரிஞ்ச ஆள் யாருன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”