கரகோல் வாடிக்கையாளர்

மென்பொருள்களைப் பொதியாகக் கட்டித் தரும் கருவியின் புதிய பதிப்பு, பிஷ்கெக் அலுவலகத்தில் வெளியீட்டுக்குத் தயாராக இருந்தது. அதிலிருந்த பழைய பகுதியை மட்டும் நீக்க விடாமல் மல்லுக்கு நின்றாள் பொறியாளர் பெர்மெத்.

“அது பழசாயிடுச்சு, மாறிக்குங்கன்னு எச்சரிக்கை போட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இன்னும் யாரு அதைப் பிடிச்சுத் தொங்கறாங்க?” என்றார் மேலாளர் மராத்பெக்.

“கரகோல் ஊர்ப் பழச்சாறு கம்பெனி எமில் மட்டும்தான், பைகே. எடுத்துட்டா அவர் வேலை மொத்தமும் நின்னுடும்” என்றாள், மூத்தவரை ‘அண்ணா’ என்றழைக்கும் கிர்கிஸ் வழக்கப்படி.

“ஒரு ஆளுக்காகவா? அதுக்கு நீ வேற மாசாமாசம் அங்க போய் உக்காந்துக்கறே.”

“நம்மளை நம்பினவரை நட்டாத்துல விடலாமா?”

மராத்பெக்குக்கு மனம் இளகிவிட்டது. எமிலுக்குத் தானே தைரியம் சொல்லலாம் என்று அப்போதே ஃபோன் போட்டார்.

“கவலைப்படாதீங்க தம்பி. உங்களுக்காகப் பழைய பகுதியை அப்படியே வச்சிருக்கோம்.”

“எந்தப் பழைய பகுதி, பைகே? போன வருஷம் முதல் தடவை வந்தப்பவே பெர்மெத் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக் குடுத்துட்டாளே.”

“அப்ப மாசாமாசம் எதுக்கு வர்றா?”

மராத்பெக் திரும்பிப் பார்த்தார். பெர்மெத் முகம் சிவந்து, கணினித் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

“பழசை இன்னைக்கே தூக்கிடும்மா. இனிமே கரகோலுக்கு லீவு போட்டுட்டுப் போ” என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபோனில் கேட்டார்.

“தம்பி, பொண்ணு காதுல தோடு போட்டு நிச்சயம் பண்ண உங்க வீட்டுப் பெரியவங்க எப்ப பிஷ்கெக் வர்றாங்க?”