செம்புக் குண்டும் ஒற்றை ஓட்டையும்

மலைக்காட்டிலே மான்குட்டிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது, ஓட முடியாது. அடிவாரத்து வேட்டைக்காரன் எப்போது கிளம்புவானோ என்று பயந்து, தாய்மான் தினமும் மரங்கொத்தியை வேவு பார்க்க அனுப்பியது.

“செம்புக் குண்டுக்கு வெடிமருந்தை எடைபோட்டு எடைபோட்டு அடைக்கிறான், தங்கச்சி. காகிதத்துல குறி வச்சு மூணு குண்டு சுட்டுப் பார்த்தான். மூணு ஓட்டையும் உள்ளங்கை அகலத்துக்குள்ள. உதட்டைப் பிதுக்குறான்.”

மறுநாள், “இன்னிக்குக் கட்டைவிரல் அகலம். அதுவும் பத்தாதாம்.”

வேட்டைக்காலத்தின் கடைசி நாளன்று மரங்கொத்தி மூச்சிரைக்கப் பறந்து வந்தது. “மூணும் ஒரே ஓட்டை! நான் கொத்தினாக்கூட அப்படி வராது!”

மானுக்கு உயிரே போய்விட்டது. “இங்கே வர்றானா, அண்ணே?”

“எதை வச்சு வருவான்? நிசந்தானான்னு பார்க்க மிச்சக் குண்டையும் சுட்டுத் தீர்த்துட்டான். இப்பக் காகிதத்தை ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியுறான்.”

தாய்மான் தன் குட்டியின் காலை நக்கிக்கொண்டே கேட்டது: “நல்ல மனுசன். அடுத்த வருசமும் அவனே வேட்டைக்காரனா இருப்பானா?”