ஓரத்தில் பொத்தான் வைத்தது

உலு திராமில் சுகுமாறனின் கைப்பேசிக் கடை. கண்ணாடிப் பெட்டியின் மேல் பழைய மின்னூல் படிக்கும் கருவிகள் இரண்டு கிடக்கின்றன. மதிய வெயில் நேராக விழுந்தும் திரையைப் பார்க்கக் கண் கூசவில்லை. நாளிதழ்த் தாள் போன்ற சாம்பல் நிறத்தில் எழுத்துகள் தெளிவாக நிற்கின்றன. வாங்க வந்த ரூபினிக்கு வேண்டியது இரண்டில் ஓரத்தில் பொத்தான் வைத்ததுதான். எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலாலேயே பக்கம் திருப்பிவிடலாம். அதைச் சொன்னால் விலை இறங்காது. ஆகவே கருவியைக் கையில் எடுத்ததும் அந்தப் பொத்தானைத்தான் முதலில் திட்டுகிறாள். "என்னண்ணே இது, தாத்தா காலத்து ரேடியோ மாதிரி! இப்ப யாரு பொத்தான அமுக்குறா? மூலையில கீறல் வேற." சுகுமாறன் மறுக்கவில்லை. "அப்ப இத எடுத்துக்கங்க, தொட்டாலே திரும்பும்" என்று மற்றதை அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் அதைத் தொடவில்லை. "அது வேணாம் லா. பாதி விலைக்குக் குடுத்தா, பாவம்னு இதையே எடுத்துக்கிறேன்." முன்பு வைத்திருந்தவர் அழிக்காமல் விட்ட துப்பறியும் கதை ஒன்று திரையில் திறந்திருக்கிறது. டிக். திரை ஒருமுறை கறுத்து வெளுத்து அடுத்த பக்கம் வருகிறது. சற்றுப் பொறுத்து இன்னொரு டிக், பிறகு மேலும் இரண்டு. சுகுமாறன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்க்கிறார். "விலை குறையாது தங்கச்சி. வாய் வேணாங்குது, விரல் நாலு பக்கம் தாண்டிருச்சு. குடுங்க, பையில போட்டுத் தரேன்" என்று கை நீட்டுகிறார். "இருங்க லா" என்கிறாள் ரூபினி, தலை நிமிராமல். "இப்பதான் பொணத்தக் கண்டுபிடிச்சிருக்காங்க."