வீக்க மாத்திரை

"குடல்ல வீக்கம் இருக்கறவங்க முட்டி வலி மாத்திரை போடலாமாம்மா?"

மருந்துக்கடைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடங்களுக்கே அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், மாடி ஏறி ஏறி முட்டி தேய்ந்தவர். அவர் பேசுவது பெரும்பாலும் லிஃப்ட்டுகளோடுதான்; அவையும் பாதியிலேயே நின்றுவிடும். இன்று மூச்சிரைக்க வந்திருந்தார்.

"கூடவே கூடாது சார். யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு. ரெண்டுமே வீக்க மாத்திரைன்னுதானே குடுக்கறீங்க?"

"மாப்பிள்ளைன்னு யாரோ கூப்பிட்டா, எந்தக் கல்யாணத்துல வேணா போய் உட்கார்ந்துடுவீங்களா? அவங்க மாத்திரை குடல் புண்ணை ஆத்தும். நீங்க போடறது அதே புண்ணைக் கிளறிவிட்டுடும். ரத்தம்கூடப் போகலாம்."

மெக்கானிக் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க மாத்திரை தீர்ந்துடுச்சாம். 'இன்னொரு வீக்க மாத்திரை இருக்கு, சாப்பிட்டு முடிச்சதும் அதைப் போட்டுக்கறேன்'னு போன்ல சொல்லிட்டிருந்தாங்க. பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. நான் போடறதேதான். எங்களுக்கு நடுவுல ஒரு சுவர்தான், காதுல விழுந்துச்சு."

"அப்ப இங்க நின்னு என்னோட கதை பேசறீங்களா? ஓடிப்போய்த் தடுங்க! டாக்டரைக் கேட்டுட்டு, அவங்க மாத்திரையையே வாங்கிக்கச் சொல்லுங்க. அதையும் நடுவுல நிறுத்தக் கூடாது."

"சொல்லலாம்..." அவர் கவுண்ட்டர் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "பேச்சுவார்த்தை இல்ல."

"என்ன சண்டை? தண்ணிக் குழாயா, குப்பைத் தொட்டியா?"

"அதான் ஞாபகம் வரல. அவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கணும்னா பேசணும்."

"சார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே சொல்லுங்க. ரோஷம் பார்த்து எந்த மாத்திரையும் வேலை செய்யாம இருக்காது."

"நீங்களே ஒரு போன் பண்ணி..."

"போங்க சார்!"

ஓடினார். முட்டி கெஞ்சியது, கேட்கவில்லை. வழியெல்லாம் முதல் வார்த்தையைத் தேடினார். 'வணக்கம்' என்றால் ஓட்டுக் கேட்க வந்த மாதிரி இருக்கும். 'இங்க பாரு' என்றால் பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். 'ஒரு நிமிஷம்' பரவாயில்லை. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த நிமிடமே போய்விடும்.

படியேறி, செருப்பை உதறிவிட்டு, மூடியிருந்த கதவின் முன் நின்றார். உள்ளே டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கையை ஓங்கினார், இறக்கினார். பிறகு படபடவென்று தட்டினார்.

கதவு திறந்தது.

"அந்த மாத்திரையைப் போடாதே! அது முட்டிக்கு. உன் குடலைப் புண்ணாக்கிடும்."

படுக்கையறை வாசலில் நின்ற அவர் மனைவி, ஹாலில் நின்ற அவரை ரொம்ப நாளைக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"என் மாத்திரை தீரவும் இல்ல, நான் யாருக்கும் போன் பண்ணவும் இல்ல," என்றாள். "சுவருக்குக் காது இருக்கான்னு பார்த்தேன்."