மேலே ஏறும் புள்ளிகள்

ஆய்வுக்கூடத்து இருட்டறையில் கணினித் திரை மட்டும் நீலமாக ஒளிர்கிறது. செல்களை எண்ணும் இயந்திரம் மெல்ல உறுமுகிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவரின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். ஏழு வருடமாக இருவருக்கும் ஒரே ஆய்வுதான். ஊசி போட்டுத் தூண்டினால் எலியின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஒரு வகை டி செல்கள் விழித்துக்கொள்ளும் என்று அவள் அடித்துச் சொல்லிவருகிறாள். இரண்டு முறை அவை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. இந்த முறையும் பொய்த்தால் ஆய்வையே மூடிவிட வேண்டியதுதான். “இது ஊசி போடாத எலி,” என்கிறார் அவர். செல்லுக்கு ஒன்றாகப் புள்ளிகள் திரையின் அடிமூலையில் குவிந்து கிடக்கின்றன; விழித்திருந்தால் மேலே ஏறியிருக்கும். “உன் தம்பி மாதிரி நல்லா தூங்குதுங்க.”

“அவனை எதுக்கு இழுக்கறீங்க? அடுத்ததைப் போடுங்க.” ஊசி போட்ட எலியின் ரத்தத்துளி இயந்திரத்துக்குள் போகிறது. அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கையுறைக்குள் விரல்கள் வியர்க்கின்றன. அவர் வலது கையைப் பின்னால் நீட்டி அந்த விரல்களைப் பொத்திக்கொள்கிறார். “கண்ணைத் திறம்மா.” புள்ளிகள் திமுதிமுவென்று மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. அவள் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை ஓட்டுங்க,” என்கிறாள். அவர் இடது கையால் தடவித் தடவிப் பொத்தானை அழுத்துகிறார். வலது கையை அவள் விடுவதாக இல்லை.